உப்புக்காற்றில் ஒரு பழைய டிராவலர்: கடலூரில் ஒரு மோட்டார் ஹோமின் முதல் ஆண்டு

வண்டி 1996 மாடல் டெம்போ டிராவலர். கம்பெனிக்கு பஜாஜ் டெம்போ என்று பெயர் இருந்த காலத்தது; ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது 2005-ல். மெர்சிடிஸ் பென்ஸ் வடிவமைத்த ஓ.எம். 616 டீசல் இன்ஜின், 4 சிலிண்டர், 2,399 சி.சி., டர்போ கிடையாது. புதுச்சேரிப் பதிவெண். முந்தைய உரிமையாளர் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், சிங்க், 40 லிட்டர் ஃப்ரிட்ஜ், மேல் அலமாரி எல்லாம் போட்டு மோட்டார் ஹோமாக மாற்றியிருந்தார். வெளியே புது பெயின்ட். உள்ளே தேக்கு நிற மைக்கா. வாங்கியவர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர். அதுவரை ஒரு கார் மட்டுமே வைத்திருந்தவர். மார்ச்சில் வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. அங்கிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை சில கிலோமீட்டர்தான்.

அடுத்த எட்டு மாதத்தில் வண்டி மூன்று முறை படுத்தது. மே மாதம் மலைப்பாதையில் கொதித்தது, ஜூலையில் கரண்ட் இல்லாமல் நின்றது, அக்டோபரில் கட்டிலுக்கு மேலே ஒழுகியது. மூன்றுமே வாங்கிய அன்றே வண்டிக்குள் இருந்த கோளாறுகள். அன்றைக்குப் பார்க்க வேண்டிய இடங்களை விட்டுவிட்டு மைக்காவையும் கட்டிலையும் பார்த்ததால் அவை தெரியவில்லை. பழைய மோட்டார் ஹோமில் வீடு என்பது மேலே பூசிய பூச்சு. அடியில் இருப்பது ஒரு வேன். பார்வையும் பணமும் முதலில் அந்த வேனுக்குப் போக வேண்டும் என்பதால்தான் இந்த வண்டியை இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

ஒன்றை அவர் சரியாகச் செய்தார். மேட்டடார் வேன் அழகாக இருக்கிறது என்று முதலில் அதைத்தான் தேடினார், பிறகு கைவிட்டார். மேட்டடாருக்கு முன்சக்கர இழுவை. அதன் ஆக்சில், ஜாயின்ட் சாமான்களுக்கு இன்று காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்க வேண்டும். டிராவலருக்கு அந்தப் பாடு இல்லை. இதே இன்ஜின் அதே கம்பெனியின் டிராக்ஸ் ஜீப்பிலும் ஓடியதால் கேஸ்கட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், நாசில் எல்லாம் இந்தப் பக்கத்துச் சிறு ஊர்களிலேயே கிடைக்கும். டைமிங்குக்குச் செயின் என்பதால் பெல்ட் அறுந்து இன்ஜின் போகும் பயமும் இல்லை. முதல் முறை வாங்குகிறவர் வண்டியின் அழகைவிடச் சாமான் கடையின் தூரத்தைப் பார்ப்பது நல்லது.

ஏற்காட்டுச் சாலையில்

முதல் நெடும்பயணம் அக்னி நட்சத்திர வெயிலில். விருத்தாசலம், சேலம் வழியாக ஏற்காடு. சமதரையில் சூட்டு முள் பாதியைத் தாண்டவே இல்லை. மலை ஏற ஆரம்பித்து ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் முடிந்ததும் முள் சிவப்பைத் தொட்டது, ரேடியேட்டர் மூடி ஓரத்தில் ஆவி வந்தது. வண்டியை ஓரங்கட்டினார்கள்; மூடியைத் தொடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத் துணி போட்டு மூடியைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அதுதான் முறை. சூடான சிலிண்டர் ஹெட்டில் பச்சைத்தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

தவறு அதற்குப் பிறகு நடந்தது. திரும்பி வரும் வழியில் ஒரு மெக்கானிக், "சார், நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே வேணாம். கழட்டிட்டா தண்ணி ஃப்ரீயா ஓடும்" என்றார். "சரிண்ணே, எது நல்லதோ செய்யுங்க" என்றார் இவர். தெர்மோஸ்டாட் கழன்றது. அடுத்த ஏற்றத்தில் சூடு முன்னைவிடச் சீக்கிரம் ஏறியது.

காரணம் இதுதான். இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். கூடவே, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே சுற்றிச் சுற்றி வரும். சமதரையிலோ நேர்மாறாக இன்ஜின் வேண்டிய சூட்டுக்கே வராமல் கரி கட்டும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

கடலூருக்கு வந்தபின் சோதனை ஒழுங்காக நடந்தது. முதலில் ஹெட் கேஸ்கட், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்பு. இன்ஜின் ஆறிய நிலையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் கழுத்தில் விடாமல் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி வந்தாலோ, மூடியைப் போட்டபின் ஸ்டார்ட் ஆன ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ கேஸ்கட் போயிருக்கிறது. இங்கே இரண்டும் இல்லை. அடுத்து, இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது லேசர் தெர்மாமீட்டரால் ரேடியேட்டரைக் கட்டம் கட்டமாக அளந்தார்கள். மேல் தொட்டி 92 டிகிரி. நடுப்பகுதி 80-ஐ ஒட்டி. இடப்பக்கக் கீழ் மூலை மட்டும் 50-க்கும் கீழ். சுற்றிலும் சுடும்போது ஒரு மூலை மட்டும் குளிர்ந்து கிடந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம்.

ரேடியேட்டர் கடையில் தொட்டியை ஈயம் உருக்கிப் பிரித்தபோது குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு சுண்ணாம்புபோல அடைத்துக் கிடந்தது. ஆண்டுக்கணக்கில் ஊற்றிய போர்த் தண்ணீரின் படிவு அது. கடலோரப் போர்த் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். டீ போட்டாலே தெரிந்துவிடும். இதற்கு முழு கோர், அதாவது குழாய்த் தொகுதி, மாற்ற வேண்டியதில்லை. பித்தளை ரேடியேட்டராக இருந்தால் ராடு விட்டு ஒவ்வொரு குழாயாகச் சுத்தம் செய்து மறுபடி ஈயம் வைக்கலாம். இன்ஜின் பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வடிகால் போல்ட்டையும் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் பிளாக்கில் தங்கிய சேறு புதிதாகச் சுத்தம் செய்த குழாய்களையே மீண்டும் அடைக்கும்.

மூடியும் குற்றவாளிதான். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் வால்வு. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் உள்ளே வெறும் தண்ணீர்கூடச் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் நிற்காமல் போனால் கணக்கு 100 டிகிரிக்கு வந்துவிடும். ஏற்காட்டின் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அதுவே 95. பழைய மூடியில் அச்சிட்ட அழுத்த எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ள புது மூடி போட்டார்கள். 80 டிகிரி தெர்மோஸ்டாட் திரும்பப் போட்டார்கள். மேல், கீழ் ஹோஸ் இரண்டும் மாறின. கூலன்ட்டும் பேட்டரித் தண்ணீரும் (உப்பு நீக்கிய தண்ணீர்) சரிபாதி. போர்த் தண்ணீர் இனி ஒரு சொட்டும் கூடாது.

ஓட்டிய விதத்திலும் ஒரு பங்கு இருந்தது. மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். ஃபேனும் வாட்டர் பம்பும் இன்ஜின் வேகத்தில்தான் சுற்றும். இன்ஜின் மெதுவாக ஓடினால் காற்றும் குறையும், தண்ணீர் ஓட்டமும் குறையும். இரண்டாவது கியரில், இன்ஜின் சத்தம் தெளிவாகக் கேட்கும் வேகத்தில் ஏறுவதே சரி. போதாததற்கு 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிறைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். அது 150 கிலோ. மேலே போய் நிரப்பிக்கொள்ளலாம்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. சாமான் ஏற்றிய நிலையில் வண்டியை எடை மேடையில் மூன்று முறை நிறுத்துங்கள்: முழுதாக, முன்சக்கரம் மட்டும், பின்சக்கரம் மட்டும். மேடை அகலமாக இருந்தால் இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றியும் பார்க்கலாம். இந்த வண்டியில் தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, ஃப்ரிட்ஜ் மூன்றும் இடப்பக்கமே இருந்தன. இடப்பக்கப் பின் ஸ்பிரிங் பட்டை தாழ்ந்திருந்ததும் அந்த டயரின் ஓரம் தேய்ந்திருந்ததும் அதனால்தான். பேட்டரியை வலப்பக்கம் மாற்றியதில் பாதி சரியானது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மோட்டார் ஹோம் டயர் ஓடித் தேய்வதற்கு முன் நின்றே கெடும். பட்டன் ஆழமாக இருக்கிறது என்று ஆறேழு ஆண்டைத் தாண்டிய டயரை நம்பக் கூடாது.

இரவில் நின்ற ஃப்ரிட்ஜ்

ஜூலையில் இரண்டு புகார். ஐந்தாறு நாள் நிறுத்தி வைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. பயணத்தில், பேட்டரி நன்றாக இருக்கும்போதே நள்ளிரவில் ஃப்ரிட்ஜ் 'டிக்' என்று நின்றுவிடுகிறது.

முதல் புகாருக்கு மல்டிமீட்டர் போதும். எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் கோக்க வேண்டும். அப்போது ஸ்டார்ட் செய்யக் கூடாது, மீட்டர் எரிந்துவிடும். பழைய வண்டியில் 0.05 ஆம்பியருக்குள் காட்டினால் நல்லது. இங்கே காட்டியது 0.6. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் கட்டிலுக்கு அடியில் இருந்த இன்வெர்ட்டரின் ஃபியூஸ் வந்ததும் மீட்டர் இறங்கியது. யாரும் பயன்படுத்தாதபோதும் சும்மா விழித்திருந்த இன்வெர்ட்டர், ஒரு நாளைக்கு 14.4 ஆம்பியர் மணி குடித்திருக்கிறது. ஐந்து நாளில் 72. ஸ்டார்ட்டர் பேட்டரியும் வீட்டு பேட்டரியும் ஒரே கேபிளில் சேர்ந்திருந்ததால் இரண்டுமே சேர்ந்து இறங்கின.

தீர்வு: இன்வெர்ட்டருக்கு அதை முழுதாகத் துண்டிக்கும் தனி ஐசொலேட்டர் சுவிட்ச்; இரு பேட்டரிக்கும் நடுவே வோல்ட் பார்த்து இணைக்கும் ரிலே. ஆல்டர்னேட்டர் ஓடி வோல்ட் 13.3-ஐத் தாண்டும்போது ரிலே சேர்க்கும், 12.8-க்குக் கீழே பிரித்துவிடும். வீட்டு பேட்டரி எவ்வளவு இறங்கினாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும்.

இரண்டாவது புகார் வயரில் இருந்தது. பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் 5 மீட்டர். போக வர 10 மீட்டர் செம்பு. போட்டிருந்ததோ வீட்டு லைட்டுக்கு இழுக்கும் 1 சதுர மி.மீ. வயர். அந்த 10 மீட்டருக்கு மின்தடை 0.175 ஓம். கம்பிரசர் 8 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் வயரிலேயே 1.4 வோல்ட் போய்விடும். பேட்டரியில் 12.2 இருந்தாலும் ஃப்ரிட்ஜுக்குக் கிடைப்பது 10.8. பேட்டரி காலியாகிறது என்று நினைத்து ஃப்ரிட்ஜ் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. 6 சதுர மி.மீ. வயர் போட்டதும் இழப்பு கால் வோல்ட்டுக்குள் வந்தது. 230 வோல்ட்டில் பழகிய எலெக்ட்ரீஷியன்கள் இந்த இடத்தில் வழக்கமாகத் தவறுவார்கள். அதே வாட் வேலைக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 19 மடங்கு ஆம்பியர் ஓடும், அதற்கேற்ற செம்பு வேண்டும்.

ஃபியூஸ் எங்கே என்பதும் முக்கியம். அது வயரைக் காக்க வைப்பது; ஆகவே பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இந்த வண்டியில் ஃபியூஸ் பெட்டி அழகாக அலமாரிக்குள், பேட்டரியிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி இருந்தது. அந்த நான்கு மீட்டரும் மரத்துக்கு அடியில் காவலில்லாமல் ஓடியது. நெருப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

பேட்டரி வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஆம்பியர் மணி டியூபுலர். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் தூங்கும் அறைக்குள் திறந்து வைக்கக் கூடாது. மூடிய பெட்டி செய்து, மேல்புறத்திலிருந்து வெளியே ஒரு குழாய் விட்டார்கள். பாதி வரை மட்டும் செலவழித்தால் இதில் சுமார் 900 வாட் மணி கிடைக்கும். ஃப்ரிட்ஜுக்கு நம் வெயிலில் நாளைக்கு 400 முதல் 500, இரண்டு சிறு 12 வோல்ட் ஃபேனுக்கு 200, லைட், பம்ப், போனுக்கு 100 என்று வைத்தால் ஒரு நாள் தாங்கும். கூரையில் 200 வாட் சோலார் இருந்தால் தெளிந்த நாளில் 600-க்கு மேல் திரும்ப வரும். ஏ.சி. கணக்கில் வராது, அந்த ஆசையை முதல் ஆண்டில் ஒத்திப்போடுவதே நல்லது.

கேஸைப் பற்றிச் சுருக்கமாக: எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படியும். சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்ததை உடனே எடுத்தார்கள். இப்போது சமையல் வெளியே, சிறிய 5 கிலோ சிலிண்டரில், கதவோரம் மேசை போட்டு.

முதல் மழை

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. இரண்டாம் நாள் கட்டிலுக்கு மேலே, வலப்பக்க இரண்டாவது ஜன்னலின் மேல் விளிம்பில் சொட்டியது. ஜன்னல் ரப்பர்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கடையில் கிடைத்த சிலிக்கான் பசையை ரப்பர் ஓரமெல்லாம் பூசினார்கள். அடுத்த மழையிலும் அதே இடத்தில் சொட்டியது.

தண்ணீர் சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. கண்டுபிடிக்க ஒரு நாள் போனது. ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து, இன்னொருவர் வெளியே தோட்டத்து ஹோஸால், வேகம் குறைத்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் தெரியாது. ஜன்னலின் கீழ் விளிம்பில் விட்டபோது ஒன்றும் இல்லை. மேல் விளிம்பிலும் இல்லை. மழைத்தண்ணீர் வடியும் ரெயின் சேனலில் விட்டபோதும் இல்லை. கூரை கேரியரின் கால்களை அடைந்தபோது மூன்றாவது காலுக்குப் பக்கத்தில் உள்ளே சத்தம் கேட்டது. கேரியர் போல்ட் துளைக்கு ஒரு வாஷர்கூட இல்லை. தண்ணீர் அதில் இறங்கி, கூரையின் உள் ரிப் வழியாக நான்கடி ஓடி, மைக்கா பலகையின் ஆணித் துளையில் சொட்டியிருக்கிறது.

பலகையைக் கழற்றினால்தான் மீதி தெரியும். கழற்றினார்கள். உள்ளே கண்ணாடிப் பஞ்சு, பிழிந்தால் தண்ணீர் வரும் நிலையில். சூடு தடுப்பதற்காக முந்தையவர் வைத்தது. உலர்ந்த இடத்தில் அது நல்ல பொருள். ஒழுகும் வண்டியில் தகரத்தின் மேல் ஈரத்துணியை ஒட்டிவைத்ததற்குச் சமம். பஞ்சுக்குப் பின்னால் தகரம் பழுப்புச் செதில் செதிலாக உரிந்தது. ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டியதில் சக்கர வளைவுக்கு மேலே இரண்டு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. வெளியே அந்த இடத்தில் புது பெயின்ட் பளபளத்துக்கொண்டிருந்தது. அடியில் விரல் கனத்துக்குப் பட்டி.

தரையையும் பிரித்துப் பார்த்தார்கள். சாதாரண பிளைவுட், தண்ணீர் தாங்காத ரகம், சிங்க் குழாய்க்கு அடியில் உப்பி உதிர்ந்திருந்தது. அதன் கீழே படிக்கட்டுத் தகரமும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் முனையும் அரித்திருந்தன.

கடலோரத்தில் துரு இவ்வளவு வேகமாகப் பிடிக்கக் காரணம் மழை மட்டுமல்ல. காற்றில் வந்து படியும் உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாகக் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலூரிலும் புதுச்சேரியிலும் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான். மழையே பெய்யாத வைகாசியிலும் தகரம் இரவு முழுவதும் உப்புத்தண்ணீரில் நனைந்தபடி நிற்கிறது. ஷெட்டில் நிறுத்தினால் மழை படாது, ஆனால் உப்பு படியும். அதைக் கழுவிவிட மழையும் இருக்காது. அதனால் வாரம் ஒரு முறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது அவசியம். சக்கர வளைவின் உள் மடிப்பு, படிக்கட்டின் பின்புறம், பேட்டரித் தட்டு, சேஸிஸ் முனைகள். உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரில் கழுவினால் கழுவாமலே இருந்திருக்கலாம்.

டிங்கரிங் வேலை தை கடந்துதான் தொடங்கியது. மழை ஓய்வதற்கு முன் தகரத்தை வெட்டித் திறந்து போட்டால் வெட்டிய வாய் ஒரே இரவில் பழுத்துவிடும். மாசியிலும் காலைப் பனி உண்டு. பத்து மணிக்கு மேல், தகரம் கைக்குச் சூடாகத் தெரிந்தபிறகே பெயின்ட் தொட வேண்டும். வேலை நடந்த விதம் இது. அரித்த இடத்தைச் சுற்றி நல்ல தகரம் வரும்வரை, குறைந்தது ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி எடுத்தார்கள். அதற்கு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. தகரத்தை வளைத்து அடித்து, சிஓடூ வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றிப் பற்றவைத்தார்கள். ஒரே கோடாக இழுத்தால் தகரம் நெளியும். கேஸ் வெல்டிங் இந்த மெல்லிய தகரத்துக்கு ஆகாது. சூடு பரவி, சுற்றிலும் இருக்கும் நல்ல பெயின்ட்டையும் உள்பக்கம் எரித்துவிடும். துரு லேசாக இருந்த இடங்களைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி பூசி, கறுத்ததும் கழுவிக் காயவைத்தார்கள். பிறகு எபாக்சி பிரைமர் இரண்டு கோட், தகரம் தகரத்தோடு சேரும் விளிம்பில் பாலியூரித்தேன் சீலன்ட், அதன்மேல் பெயின்ட். கடைசியாகத்தான் அடிப்பாகத்துக்கு அண்டர்கோட்டிங். சட்டங்களின் உள்கூட்டில் துளை வழியாக மெழுகு ஸ்ப்ரே. கீழே இருக்கும் வடிகால் துளைகளை அடைக்காமல் விட்டார்கள்.

இதில் இரண்டு குறுக்குவழி எல்லோர் காதிலும் விழும். துருவின் மேலேயே தார் அண்டர்கோட்டிங் அடிப்பது ஒன்று. வெளியே கறுப்பாக அழகாக இருக்கும், உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு இரட்டை வேகத்தில் அரிக்கும். பழைய இன்ஜின் ஆயிலை அடிப்பாகம் முழுக்கத் தெளிப்பது மற்றொன்று. அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். பிரேக்கில் பட்டால் பிடிப்பு போகும்.

சிலிக்கானுக்கு வருவோம். புளித்த காடி வாசம் வரும் சிலிக்கான், காயும்போது அசிட்டிக் அமிலம் விடுகிறது. தகரத்தின் மேல் அதுவே துருவைத் தொடங்கிவைக்கும். ஒரு முறை சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட்டும் ஒட்டாது, வேறு சீலன்ட்டும் ஒட்டாது. முழுவதும் சுரண்டி எடுத்தார்கள். கேரியர் கால்களுக்கு அடியில் பிசின்போல ஒட்டும் பியூட்டைல் டேப், மேலே ரப்பர் வாஷர், சுற்றி பாலியூரித்தேன். கூரையில் பயன்படாத நான்கு பழைய துளைகளைப் பற்றவைத்தே அடைத்தார்கள். கண்ணாடிப் பஞ்சுக்குப் பதில் தண்ணீர் உறிஞ்சாத எக்ஸ்எல்பிஇ ஃபோம் ஷீட். தரைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட், 12 மி.மீ., வெட்டிய விளிம்புகளுக்கும் எபாக்சி பூசி. பலகைகளை ஆணிக்குப் பதில் ஸ்க்ரூவில் மாட்டினார்கள். ஆண்டுக்கு ஒரு முறை கழற்றிப் பார்க்க முடியாத சுவர் இந்த ஊருக்கு ஒத்துவராது.

வாங்கும் அன்றே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைச் சக்கர வளைவு, கதவு அடி, ஜன்னல் கீழ் மூலைகளில் ஓட்டினால் பட்டி இருக்கும் இடத்தில் பிடிக்காது. மேல் அலமாரிக்குள் தலையை நுழைத்து மோந்து பார்த்தால் பூஞ்சை வாசம் தெரியும். ஒரே ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விலை பேச வேண்டியதில்லை.

பிரேக்கும் டீசலும்

வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்ததால் பின்சக்கரத்தில் ஒரு வீல் சிலிண்டர் இறுகியிருந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கச் சூட்டில் கொதித்து மிதி பஞ்சாகிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். இந்தக் காற்றுக்கு ஆண்டுக்கு ஒரு முறை நல்லது. மிதியின் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரைச் சோதிக்க: இன்ஜினை நிறுத்திவிட்டு மிதியை நாலைந்து முறை அழுத்துங்கள், மிதி இறுகும். அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் மிதி கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்கம் பம்ப், குழாய், பூஸ்டர் மூன்றில் ஒன்று சரியில்லை. நாள் கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

டீசல் டேங்கைப் பாதியாக வைத்து நிறுத்தினால் மேலே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் வேர்த்துத் தண்ணீராக அடியில் தங்கும். மழைக்காலத்துக்கு முன் டேங்கை நிரப்புவது இதற்காக. ஃபில்டர் அடியில் இருக்கும் வடிகாலை மாதம் ஒரு முறை ஒரு கண்ணாடி டம்ளரில் திறந்து பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். ஃபில்டர் மாற்றியபின் காற்றை எடுக்க, மேலே இருக்கும் பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் அடித்தபடியே இறுக்க வேண்டும். இந்த வேலையை உரிமையாளர் தானே கற்றுக்கொண்டால் நடு ரோட்டில் பாதி சங்கடம் தீரும்.

தாள்கள்

பி.ஒய்.-01 எண்ணைக் கடலூரில் வைத்து ஓட்டும் பழக்கம் இங்கே பரவலானது. சட்டப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு வேண்டும். புதுச்சேரியில் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, பிறகு படிவம் 29, 30-ல் பெயர் மாற்றம், 27-ல் புது எண். தமிழ்நாட்டு வரி தனி. 15 ஆண்டு கடந்த தனியார் வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை படிவம் 25-ல் புதுப்பிப்பு. வாங்குமுன் ஆர்.சி.யில் வண்டி வகை என்ன என்று பாருங்கள். அரசின் 'வாகன்' இணையப் பதிவில் மோட்டார் கேரவன், கேம்பர் வேன் என்று தனி வகைகள் உண்டு. உள்ளே கட்டில் போட்டுவிட்டு ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை பழையபடியே இருந்தால் அது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்குப் புறம்பான மாற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்க அதுவே போதும். 'வின்டேஜ்' பதிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021-ல் வந்த அந்த விதி 50 ஆண்டு கடந்த, அசல் நிலை மாறாத வண்டிகளுக்கானது. கட்டணம் 20,000 ரூபாய், அன்றாடம் ஓட்டவும் அனுமதி இல்லை.

புயல் நாட்கள்

2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கரை கடந்ததும் இந்தக் கரையில்தான். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் புகுந்ததும் நினைவிருக்கும். எச்சரிக்கை வந்தால் கூரைப் பந்தலையும் கேரியர் சாமானையும் இறக்கி, தென்னை, முருங்கை இல்லாத மேட்டு இடத்தில், காற்று வரும் திசைக்கு முகம் கொடுத்து நிறுத்துவது முதல் வேலை. வீட்டு பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் சக்கர நடுவைத் தாண்டியிருந்தால் பிரேக், வீல் பேரிங் கிரீஸ், கியர் ஆயில், பின் ஆக்சில் ஹௌசிங் ஆயில் நான்கையும் பார்க்க வேண்டும். இன்ஜின் வரை ஏறியிருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, கையால் இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றியபிறகே ஸ்டார்ட்டர். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஒரு முறை மாற்றியது போதாது. கொஞ்சம் ஓடவிட்டு மறுபடி மாற்ற வேண்டும்.

இரண்டாம் ஆண்டு செப்டம்பரில், மழைக்கு முன், இந்த வண்டிக்கு மறுபடியும் ஹோஸ் சோதனை நடந்தது. கேரியர் கால்கள் காய்ந்தே இருந்தன. இடப்பக்க மூன்றாவது ஜன்னலின் கீழ் மூலையில் எட்டாவது நிமிடத்தில் ஒரு சொட்டு வந்தது. அங்கே ரப்பர் சுருங்கியிருக்கிறது. ஜன்னல் ரப்பர் மீட்டர் கணக்கில் சேலத்திலிருந்து வருகிறது. அது வரும்வரை அந்த மூலையில் பியூட்டைல் டேப், உள்ளே பலகை கழற்றியபடி.